கரையும் வண்ணமும் கரையா வண்ணமும்

மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் குடியிருந்து வரும் வீட்டின் கூடத்தில் நின்று சுவரை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விந்தை புலப்படாமல் போகாது. பாட்டனாரும் பாட்டியாரும் நாற்காலியில் விறைப்பாக அமர்ந்து எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், சட்டத்தின் ஓரத்தைச் செல் அரித்த பின்னும், முகத்தின் ரேகை ஒன்றுகூட மங்காமல் நிற்கிறது. அவர்களுடைய மகனுக்கு எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்த கலியாணத்தின் வர்ணப் படமோ, புடவையின் பச்சையையும் பந்தல் வாழையின் பசுமையையும் ஒருங்கே இழந்து, மணமக்களையும் மாலைகளையும் பின்னணித் திரையையும் ஒரே செந்நிறமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. மூத்த படம் பிழைத்திருக்க, இளைய படம் முந்திக்கொண்டு மூப்படைந்துவிட்ட இந்த விபரீதத்துக்குக் காரணம் எடுத்தவரின் கைத்திறனும் அன்று, பாதுகாத்தவரின் அசிரத்தையும் அன்று. படம் எந்த வஸ்துவினால் ஆனது என்பதே காரணம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கருமையாகத் தெரிவது, ஜெலட்டின் படலத்தில் புதைந்து கிடக்கும் வெள்ளி உலோகத்தின் நுண்துகள். வர்ணப் படத்திலோ அவ்வாறான துகள் ஏதும் இல்லை. கழுவும்போதே வெள்ளி முழுவதும் வெளியேற்றப்பட்டு, மஞ்சள், மெஜந்தா, சயான் என்ற மூன்று சாயங்களே அடுக்கடுக்காக எஞ்சுகின்றன. அந்நாளைய காகிதங்களில் சயான் என்னும் நீலச் சாயம், வெளிச்சமே படாமல் ஆல்பத்துக்குள் மூடி வைத்தாலும் காலக்கிரமத்தில் தானே சிதையும் சுபாவம் உடையதாக இருந்தது. நீலம் போன பிறகு எஞ்சுவது சிவப்புத்தானே!

ஸ்டுடியோவும் இருட்டறையும் பழங்கதையாகி, படத்தை வீட்டு மேஜையின் மேலேயே அச்சிட்டுக்கொள்ளும் சௌகரியம் வந்துவிட்ட இந்நாளில், படம் எந்த வஸ்துவினால் ஆனது என்ற அதே கேள்வி வேறு வேஷம் தரித்து நம் முன் நிற்கிறது. சென்னை ரிச்சி தெருவின் கடையொன்றில் பிரிண்டர் விலை கேட்கப் போகிறவரிடம், ‘டை இங்க்கா சார், பிக்மெண்ட் இங்க்கா?’ என்று கடைக்காரர் கேட்கும்போது, அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று எண்ணிக்கொண்டு ‘எது மலிவோ அது’ என்று சொல்லிவிடுகிறவர்கள் பலர். அந்த ஒரு பதிலில் படத்தின் ஆயுள், அழகு, அச்சுப்பொறியின் ஆரோக்கியம் ஆகிய மூன்றும் நிர்ணயமாகிவிடுகின்றன என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கடைக்காரர் சொல்லும் டை இங்க், அதாவது சாய மை என்பது, வண்ணப்பொருள் நீரில் முற்றிலும் கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து, திரவத்தோடு திரவமாக ஒன்றிவிட்ட மை. பிக்மெண்ட் இங்க், அதாவது நிறமி மை என்பது, நீரில் கரையாத வண்ணத் துகள்கள், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கை ஒத்த பருமனுக்கு அரைக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டி அடியில் தங்கிவிடாதபடி பதப்படுத்தப்பட்டு, திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும் மை. இவ்விரண்டு வகையும் நமக்குப் புதியவை அல்ல. சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொதிக்கவைத்து, படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியில் சிவப்பேற்றியவர்கள் கையாண்டது சாயம். எழுத்தாணி கீறிய ஓலையில் விளக்குக் கரியைத் தேய்த்து எழுத்தைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தவர்கள் கையாண்டது நிறமி. சாயம் இழைக்குள் புகுந்தது. கரி கீறலில் தங்கியது. புட்டியில் அடைத்து விற்கப்படும் இன்றைய மைகள் காகிதத்தின்மீது செய்வதும் ஏறக்குறைய அதுவே.

அழகை மட்டும் கருதினால், பளபளப்பான காகிதத்தில் சாய மைக்கு நிகர் இல்லை என்பதே என் அபிப்பிராயம். காகிதத்தின் மேற்பூச்சுக்குள் அது முழுவதும் இறங்கிவிடுவதால் மேற்பரப்பின் வழவழப்பு குலைவதில்லை. ஒளியானது நிறத்தின் ஊடே தடையின்றிச் சென்று, அடியிலுள்ள வெண்மையில் பட்டு, மீண்டும் நிறத்தின் வழியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ஆகையால் அரக்குச் சிவப்பும் மயில் கழுத்து நீலமும் உள்ளிருந்து ஒளிர்வனபோல் தோன்றுகின்றன. நிறமி மையில் அச்சான பளபளப்புப் படத்தை ஜன்னலருகே எடுத்துச் சென்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி மெல்லச் சரித்துப் பார்த்தால் வேறொரு காட்சி கிடைக்கும். தலைமயிரும் கறுப்புக் கோட்டும் இருக்கும் இடத்தில் செம்பின் சாயலாக ஒரு மினுக்கம் ஓடும். மை விழாமல் வெறுமனே விடப்பட்ட வெள்ளை வேட்டியின் பகுதி வேறு விதமாகப் பளபளக்கும். ஒரே படத்தில் இரண்டு மூன்று விதமான மினுமினுப்பு இருப்பது, நேரே பார்க்கும்போது தெரியாமல், சரித்த மாத்திரத்தில் கண்ணை உறுத்தும். துகள்கள் காகிதத்தின் மேலேயே படிந்து நிற்பதன் விளைவு இது. இந்தக் குறையை மறைப்பதற்காகவே நிறமற்ற மேற்பூச்சு ஒன்றைத் தனிக் கார்ட்ரிட்ஜில் வைக்கும் உபாயத்தை 2004இல் எப்ஸன் நிறுவனம் தன் ஆர் 800 அச்சுப்பொறியில் கொண்டுவந்தது. கேனான் நிறுவனத்தின் உயர்தர நிறமி இயந்திரங்களிலும் அத்தகைய பூச்சு உண்டு.

ஆனால் காகிதத்தை மாற்றினால் தீர்ப்பும் மாறிவிடுகிறது. பளபளப்பில்லாத மேட் காகிதத்திலும், ஓவியர்கள் விரும்பும் பருத்திக் காகிதத்திலும், சாயம் ஆழ இறங்கிப் பரவிச் சோகை பிடிக்கிறது. நிறமியோ மேலே நின்று, கருமையைக் கருமையாகவே காட்டுகிறது. கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுகிறவர்கள் நிறமியை நாடுவதற்கும் இது ஒரு காரணம். கரித்துகளால் ஆன கறுப்பையும், அதையே நீர்க்கவைத்துச் செய்த இரண்டொரு சாம்பல் நிறங்களையும் வைத்துக்கொண்டு அச்சிடும் இயந்திரத்தில், கறுப்பு கறுப்பாகவும் சாம்பல் சாம்பலாகவும் இருக்கும். மூன்று சாயங்களைக் கலந்து சாம்பல் செய்யும் இயந்திரத்திலோ அது இன்று இளஞ்சிவப்பாகவும் நாளை பச்சையாகவும் சாய்ந்து காட்டும்.

ஆயுள் விஷயத்துக்கு வருவோம். இதில் நடந்த சரித்திரம் சுவாரசியமானது. 1991ஆம் ஆண்டில், பாடகராகவும் புகைப்படங்களைத் தேடிச் சேர்ப்பவராகவும் இருந்த கிரஹாம் நாஷ், கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற கடலோர ஊரில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். அவர் 1,26,000 டாலர் கொடுத்து வாங்கிய ஐரிஸ் 3047 என்ற இயந்திரம், கலைப்படம் அச்சிடுவதற்காகப் பிறந்ததே அன்று. பத்திரிகைகளும் விளம்பரங்களும் பெரிய யந்திரத்தில் ஏறுமுன் மாதிரி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. மாதிரியைச் சில நாள் பார்த்துவிட்டுக் குப்பையில் எறிந்துவிடுவார்களாதலால், அதன் மை நீடித்திருக்க வேண்டும் என்று செய்தவர்கள் யாரும் கவலைப்படவில்லை. நாஷும் அவருடைய தோழர்களும் அதில் அச்சிட்ட படங்களின் வனப்பைக் கண்டு கலையுலகம் வியந்தது. விலை கொடுத்து வாங்கிச் சென்றவர்களின் சுவரில் அவை சில வருஷங்களிலேயே வெளிறத் தொடங்கியபோது அந்த வியப்பு வேறு விதமாயிற்று. அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. படம் எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டறிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும் என்ற பாடத்தை வாங்குவோருக்குக் கற்பித்தது அந்தக் காலந்தான்.

அடுத்த பாடம் வீடுகளுக்கே நேராக வந்தது. 2000ஆம் ஆண்டில் எப்ஸன் வெளியிட்ட ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 என்ற இரு அச்சுப்பொறிகளும், ஸ்டுடியோவில் கழுவிய படத்துக்கு ஈடான படத்தை மேஜையின் மேல் தருவன என்றும், அவற்றின் படங்கள் பல்லாண்டு நிற்கும் என்றும் விளம்பரமாயின. வாங்கியவர்களில் ஒரு சாரார், பளபளப்புக் காகிதத்தில் அச்சிட்டுத் திறந்தபடி வைத்த படங்கள் சில வாரங்களில், சிலருடைய வீட்டில் சில நாட்களிலேயே, ஆரஞ்சு நிறமாக மாறிவிட்டன என்று முறையிட்டார்கள். மற்றொரு சாரார், அதே மையிலும் அதே காகிதத்திலும் அச்சிட்ட தங்கள் படங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சாதித்தார்கள். இரு சாராரும் உண்மையே பேசினார்கள். வேறுபாடு மையிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. அந்தந்த வீட்டுக் காற்றில் இருந்தது. காற்றிலுள்ள ஓசோன் என்ற வாயு சயான் சாயத்தைத் தாக்கிச் சிதைக்கவல்லது. மை விழுந்தவுடன் உலர வேண்டும் என்பதற்காக எண்ணிறந்த நுண்துளைகளோடு செய்யப்பட்ட அந்தக் காகிதம், மைக்குத் திறந்த வாயில்களையே காற்றுக்கும் திறந்து வைத்திருந்தது. காற்றோட்டமுள்ள அறையில் திறந்து கிடந்த படம் நிறம் மாறியது. கண்ணாடிக்குள் அடைபட்ட படம் தப்பியது.

வெயிலில் வைத்தால் படம் வெளுக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். நிழலில் வைத்தும் வெளுக்கலாம், வெறும் காற்றே போதும் என்ற இந்தச் செய்தியைத்தான் சாய மையை உபயோகிப்பவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏன் சாயத்துக்கு மட்டும் இவ்வளவு அபாயம் என்றால், அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே பகைவனின் எதிரில் நிற்கிறது. நிறமித் துகளில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், வெளிச் சுற்றில் உள்ளவை அழிந்தாலும் உள்ளே உள்ளவை நிறத்தைக் காப்பாற்றுகின்றன.

அதே 2000ஆம் ஆண்டில், அதே நிறுவனம், ஸ்டைலஸ் ஃபோட்டோ 2000பி என்ற நிறமி அச்சுப்பொறியை வெளியிட்டு, அதன் படங்கள் இருநூறு ஆண்டு நிற்கும் என்றது. நிற்பது இருக்கட்டும், அந்தப் படங்கள் பட்ட பாடு வேறு. மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் சரியாகத் தோன்றிய முகம், பகல் வெளிச்சத்தில் பச்சைப் பூத்துத் தெரிந்தது. விளக்குக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம் என்று படம் இரட்டை வேஷம் போட்டது. இரண்டு வருஷம் கழித்து வந்த 2200 என்ற இயந்திரத்தில் இளங்கறுப்பு ஒன்றைச் சேர்த்து அந்தத் தோஷத்தைப் பெருமளவு நீக்கினார்கள். இன்றைய நிறமி மைகளில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது அநேகமாக இல்லை.

இருநூறு, நூறு என்ற இந்த வருஷக் கணக்குகளை யார், எவ்வாறு போடுகிறார்கள்? அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் கிரின்னல் என்ற சிற்றூரில் ஹென்றி வில்ஹெல்ம் என்பவர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தி வருகிறார். வர்ணப் படங்களின் நிலைபேற்றைப் பற்றி அவரும் கரோல் பிரௌவரும் எழுதி 1993இல் வெளிவந்த பெரிய நூல், இத்துறையில் பிரமாணமாகக் கருதப்படுகிறது. கடுமையான விளக்கொளியில் படத்தைக் குறுகிய காலம் வாட்டி, அந்த வாட்டத்தைச் சாதாரண வீட்டு வெளிச்சத்தின் வருஷங்களாகப் பெருக்கிச் சொல்வதே முறை. இதில் சூக்ஷ்மம் என்னவெனில், சாதாரண வீட்டு வெளிச்சம் எவ்வளவு என்பதில் ஒருமைப்பாடு இல்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் 450 லக்ஸ் என்று வில்ஹெல்ம் வைத்துக்கொண்டார். கோடாக் நிறுவனமோ, வீடுகளின் வெளிச்சம் 120 லக்ஸ்தான் என்று வாதித்தது. வெளிச்சத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், கோடாக்கின் அளவுகோலில் நூறு வருஷம் நிற்கும் படம் வில்ஹெல்மின் அளவுகோலில் இருபத்தேழு வருஷத்தைத் தாண்டாது. அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே, கண்ணாடிக்குள்ளா, ஆல்பத்திலா, திறந்த வெளியிலா என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். எண்ணைக் காட்டிலும் அந்தப் பொடி எழுத்தே படிக்கத் தக்கது. ‘நூறு வருஷம்’ என்று முழங்கும் சாய மை விளம்பரம் பெரும்பாலும் ஆல்பத்துக்குள் இருட்டில் இருக்கும் படத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

நிறமி என்ற பெயர் ஒன்றே அழிவின்மைக்கு உத்தரவாதம் என்றும் நினைத்துவிடலாகாது. தெருச் சுவரில் ஒட்டிய சினிமாப் போஸ்டரையும், ஜன்னல் ஓரத்தில் மாட்டிய சிவகாசிக் காலண்டரையும் சில மாதம் கழித்துப் பார்த்தால், நாயகனும் முருகனும் நீலம் பாய்ந்து நிற்பார்கள். அவை ஆப்செட் அச்சில், நிறமி மையிலேயே அச்சானவை! அந்த மையின் மஞ்சளும் சிவப்பும் வெயிலுக்கு ஆற்றாத மலிவான நிறமிகள். நீலமோ செம்பைக் கருவாகக் கொண்ட உறுதியான நிறமி. ஆகவே மற்றவை ஓடிப்போக அது மட்டும் எஞ்சுகிறது. புகைப்பட மை செய்கிறவர்கள் சிவப்புக்குக் குவினாக்ரிடோன் போன்ற விலையுயர்ந்த நிறமிகளைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். கம்பெனிப் பெயரில்லாத புட்டியில் ‘பிக்மெண்ட்’ என்று எழுதி அரை விலைக்கு விற்கப்படும் மையில் எந்த நிறமி இருக்கிறது என்று அந்தப் புட்டியைப் பார்த்து அறிய வழி இல்லை.

காகிதத்தைப் பற்றிச் சிறிது. முன்னாளில் ஜெலட்டின் போன்ற பசைப்பூச்சுள்ள ஒரு வகைக் காகிதம் இருந்தது. மை பட்டதும் அது உப்பிச் சாயத்தைத் தன்னுள் வாங்கி மூடிக்கொள்ளும். காற்று உட்புகாது, ஆகவே சாய மைப் படமும் நெடுங்காலம் நின்றது. எச்.பி. நிறுவனம் நெடுநாள் இவ்வகைக் காகிதத்தையே தன் சாய மைகளுக்குத் துணையாக வைத்திருந்தது. ஆயினும் அது உலர நேரமாகும். ஈரக் கை பட்டால் பிசுபிசுக்கும். உடனே உலர வேண்டும் என்ற அவசரத்துக்கு அது தோற்று, இப்போது கடைகளில் காண்பது அரிதாகிவிட்டது. இன்று நம் கைக்கு வருவது பெரும்பாலும் நுண்துளைக் காகிதமே. கடலோரப் பட்டினங்களில் வாழும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஈரப்பதம் மிகும் மாதங்களில், காகிதத்துக்குள் இருக்கும் சாயம் மெல்ல நகர்ந்து, கூர்மையான ஓரங்களை மங்கச் செய்யும். படம் கண்ணாடியோடு நேரே ஒட்டியிருந்தால் அதிலேயே பற்றிக்கொண்டு, பிரித்தெடுக்கும்போது முகத்தோடு உரிந்து வரும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டைச் சட்டம் ஒன்று வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அச்சிட்ட படத்தை அன்றே சட்டமிடாமல் ஒரு நாள் முழுவதும் உலரவிடுவதும் அவசியம்; இல்லையேல் மையிலுள்ள கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோல் படியும்.

இனி, வீட்டுக்கு எதை வாங்குவது என்பதற்கு வருவோம். மை டாங்க் வைத்த, நான்கு நிறப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமி, மற்ற மூன்றும் சாயம் என்பது பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் புராஜெக்டும் ஆதார் நகலும் எடுப்பதற்கு இது உத்தமமான ஏற்பாடு. எழுத்து கன்னங்கரேலென்று விழும், நீர் பட்டாலும் கலையாது. ஆனால் பளபளப்புக் காகிதத்தில் படம் அச்சிடும்போது அந்தக் கறுப்பு காகிதத்தில் பிடிப்பதில்லையாதலால், இயந்திரம் அதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்று சாயங்களையும் கலந்து ஒரு போலிக் கறுப்பைச் செய்துகொள்கிறது. இரவுக் காட்சிகள் பழுப்பேறித் தெரிவது அதனால்தான். படம் அச்சிடுவதே பிரதான நோக்கமானால், எப்ஸன் எல் 805, அதன் வழிவந்த எல் 8050 போன்ற ஆறு நிறச் சாய அச்சுப்பொறி தக்கது. இளஞ்சயான், இளமெஜந்தா என்ற இரண்டு மெல்லிய நிறங்கள் கூடுதலாக இருப்பதால் கன்னத்தின் மேடு பள்ளம் புள்ளி தெரியாமல் இழையும். எல் 805 உதிர்க்கும் மிகச் சிறிய துளி ஒன்றரைப் பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கே பிகோலிட்டர் என்று கணக்குப் பார்த்தால் மனிதனின் சாமர்த்தியம் விளங்கும்.

குடும்பப் படங்களை அச்சிட்டு ஆல்பத்தில் வைக்கிறவர்களுக்கு, என் தீர்ப்பு சாயத்தின் பக்கமே. ஸ்டுடியோ லேபில் இன்றும் கழுவித் தரும் வர்ணப் படங்கள் சாயத்தால் ஆனவையே. அவற்றை ஏற்றுக்கொண்டவர்கள் இதை மட்டும் இகழ்வதில் நியாயம் இல்லை. சுவரில் பெரிதாக மாட்டப்போகிறவர்கள், விலைக்கு விற்கப்போகிறவர்கள், கறுப்பு வெள்ளையில் மோகம் கொண்டவர்கள், இம்மூவரும் நிறமிக்குச் செல்வது தகும். ஆனால் வாரந்தோறும் அச்சிடும் வழக்கம் அவர்களுக்கு இருக்க வேண்டும். நிறமி மையின் பரம விரோதி வேலையின்மை. சாய மை உலர்ந்து, மையைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டால், புது மை பட்டதும் பழையது மீண்டும் கரைந்து வழிவிடுவது உண்டு. நிறமித் துகள் மயிரிழையினும் நுண்ணிய துளையில் ஒருமுறை இறுகிவிட்டால் அது லேசில் கரைவதில்லை. ஹெட் கிளீனிங் என்று பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துகிறவர்கள், விலையுயர்ந்த மையை இயந்திரத்தின் அடியிலுள்ள வேஸ்ட் இங்க் பேடுக்குத் தாரை வார்க்கிறார்களேயன்றி வேறு பலன் காண்பது அரிது.

கடையில் ஒரே அளவுப் புட்டிகளில் சாய மை, நிறமி மை இரண்டோடு மூன்றாவதாகச் சப்ளிமேஷன் இங்க் என்று ஒன்றும் வரிசையாக நிற்கும். அது காபிக் கோப்பையிலும் பனியனிலும் சூடேற்றிப் படம் பதிப்பதற்கானது. ஆறு நிற அச்சுப்பொறிகளை அந்தத் தொழிலுக்காக வாங்கி அதை நிரப்புகிறவர்கள் நிறைய இருப்பதால், மாடல் பெயரை மட்டும் சொல்லி மை கேட்டால் அந்தப் புட்டி கைக்கு வந்துவிட இடமுண்டு. அதில் அச்சிட்ட புகைப்படம் சாம்பல் பூத்து உயிரற்று இருக்கும். சாய அச்சுப்பொறியில் நிறமியை ஊற்றிப் பார்க்கும் பரீட்சையும் வேண்டாம். ஹெட்டின் அமைப்பும் நிறக் கணக்கும் அந்தந்த மைக்கென்றே வகுக்கப்பட்டவை.

எந்த மையானாலும், வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைக்கும் நம் வீட்டு வழக்கத்தைப் பிரிண்டருக்கு மட்டும் விலக்கி வையுங்கள். அதன் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான், ஹெட் ஓரத்திலுள்ள தன் இடத்துக்கு நகர்ந்து, ரப்பர் மூடியின்மேல் அமர்ந்து, துளைகளைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் அது வழியிலேயே திறந்து நிற்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் எல்லா நிறமும் வரும்படியான ஒரு படத்தை அச்சிட்டுவிட்டு, விளக்கு முழுவதும் அணைந்ததைப் பார்த்த பிறகு சுவர் ஸ்விட்சை நிறுத்தலாம்.